கைகழுவும் சோப்பு: பாட்டிலை நிரப்பலாம், தண்ணீர் கலக்கலாமா?

‘‘எங்கள் வீட்டில் 6 பேர். கைகழுவ, பம்ப் வைத்த 200 மி.லி. திரவ சோப்பு மாதம் 3 பாட்டில் செலவாகிறது. பாட்டில் 99 ரூபாய். அதே சோப்பு 750 மி.லி. கவரில் 110 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய பாட்டிலில் அதை ஊற்றி நிரப்பலாமா? தீரும் நேரத்தில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் இன்னும் சில நாள் வருகிறதே, அது சரியா?’’

- வாசகி, அந்தியூர் வட்டம்.

பாட்டிலைத் தாராளமாக நிரப்பலாம். தண்ணீர் விட்டு நாள் கடத்துவதைத்தான் நிறுத்த வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 200 மி.லி. பாட்டில் 99 ரூபாய் என்றால், ஒரு மி.லி. ஏறக்குறைய 50 காசு. கவரில் வாங்கினால் ஒரு மி.லி. 15 காசுதான். 5 லிட்டர் கேன் 500 ரூபாய்க்குக் கிடைத்தால், ஒரு மி.லி. 10 காசு. பம்பை ஒருமுறை முழுதாக அழுத்தினால் 1 முதல் 2 மி.லி. வரை வரும். உங்கள் பாட்டிலில் எவ்வளவு வருகிறது என்று அறிய, இருமல் மருந்துடன் வரும் அளவு மூடியில் 5 முறை அழுத்திப் பாருங்கள். வந்த அளவை 5-ஆல் வகுத்தால் விடை கிடைத்துவிடும்.

ஒரு அழுத்தத்துக்கு ஒன்றரை மி.லி. என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3 பாட்டில் என்றால் 600 மி.லி. அதாவது, ஒரு நாளைக்கு 20 மி.லி. இது 13 அழுத்தம்தான். 6 பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் சோப்புப் போட்டுக் கைகழுவுகிறார்கள் என்று அர்த்தம். மாடு, ஆடு, எரு, வயல் வேலை என்று இருக்கும் குடும்பத்துக்கு இது போதாது. கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு, சமைக்கும் முன், சாப்பிடும் முன், குழந்தைக்கு ஊட்டும் முன், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு, சாணி அள்ளிய பிறகு என்று எண்ணினாலே ஆளுக்கு 5 முறைக்குக் குறையாது.

ஆளுக்கு 5 முறை என்றால் ஒரு நாளைக்கு 30 அழுத்தம், 45 மி.லி. மாதத்துக்கு 1,350 மி.லி. தேவை. இதைப் பம்ப் பாட்டிலாகவே வாங்கினால் 668 ரூபாய் ஆகும். கவரில் வாங்கி நிரப்பினால் 198 ரூபாய். கேனில் வாங்கினால் 135 ரூபாய். இப்போது நீங்கள் செலவழிப்பது 297 ரூபாய். ஆக, இப்போது கழுவுவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கைகழுவினாலும், மாதம் ஏறக்குறைய 100 ரூபாய் மிச்சமாகும். விலை கடைக்குக் கடை மாறும் என்பதால், வாங்கும்போது விலையை மி.லி.யால் வகுத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

சோப்பு தாராளமாக வெளியே வருவதாகத் தோன்றினால், பம்பின் கழுத்தில் ரப்பர் பேண்டை நான்கைந்து சுற்றுச் சுற்றிவிடலாம். பம்ப் பாதிதான் இறங்கும். குழந்தைகளின் கைக்கு அந்த அளவே போதும்.

இனி, தண்ணீர் கலப்பதைப் பார்ப்போம். திரவ சோப்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது கெடாமல் இருக்கத் தயாரிப்பாளர்கள் அளவோடு பதனப்பொருள் சேர்க்கிறார்கள். நாம் தண்ணீர் விட்டுக் குலுக்கும்போது சோப்பு மட்டுமல்ல, அந்தப் பதனப்பொருளும் நீர்த்துப்போகிறது. கூடவே, குழாய்த் தண்ணீரில் இருக்கும் கிருமிகளும் பாட்டிலுக்குள் போய்ச் சேர்கின்றன.

சூடோமோனாஸ் என்ற பெயர் விவசாயிகளுக்குப் புதிதல்ல. விதைநேர்த்திக்குப் பயன்படுத்தும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் பயிரைக் காக்கும் நல்ல பாக்டீரியா. அதே இனத்தில் சூடோமோனாஸ் எருஜினோசா என்று இன்னொன்று உண்டு. ஈரம் இருக்கும் இடமெல்லாம் வளரும். பதனப்பொருள் குறைந்த சோப்புத் தண்ணீரிலும் பெருகக்கூடியது. ஆரோக்கியமான கையில் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால், வெட்டுக்காயம், தீக்காயம், சர்க்கரை நோயாளியின் கால்புண் போன்றவற்றில் இந்தக் கிருமி புகுந்தால் ஆறுவது கஷ்டம். பச்சிளம் குழந்தை, நோயாளி, வயதானவர் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் தேவை.

அமெரிக்காவில் ஒரு தொடக்கப்பள்ளியில் செய்யப்பட்ட ஆய்வு 2011-ல் வெளியானது. அந்தப் பள்ளியில், மேலே திறந்து மேலும் மேலும் சோப்பு ஊற்றும் வகையைச் சேர்ந்த 14 சோப்புப் பெட்டிகள் இருந்தன. சோதித்தபோது 14-லும் கிருமி இருந்தது. அந்தச் சோப்பில் கைகழுவியவர்களின் கையில், கழுவும் முன் இருந்ததைவிட கழுவிய பின் குறிப்பிட்ட வகை பாக்டீரியா 26 மடங்கு கூடியிருந்தது. சீல் வைத்த பையோடு மாற்றும் பெட்டிகளில் இந்தப் பிரச்னை இல்லை. பாதி காலியான சோப்புப் பெட்டியில் மேலே ஊற்றி நிரப்பக் கூடாது என்று, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2002-லேயே மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

இதற்காக நிரப்புவதையே விட்டுவிட வேண்டியதில்லை. அடியில் மிச்சமிருக்கும் பழைய சோப்பு, பாலுக்கு உறைமோர் போல. அதன் மேலேயே புதுச் சோப்பை ஊற்றினால் பழையதில் உள்ள கிருமி புதியதிலும் பரவும். அதனால், கீழே சொன்ன முறையில் நிரப்ப வேண்டும்.

* பாட்டில் முழுவதும் தீர்ந்த பிறகே நிரப்புங்கள். பாதியில் மேலே ஊற்ற வேண்டாம்.

* பாட்டிலை வெந்நீர் விட்டு இரண்டு, மூன்று முறை அலசுங்கள். பம்பின் குழாயை வெந்நீரில் வைத்து 10 முறை அழுத்தி, உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். கிருமி அதிகம் தங்கும் இடம் அந்தக் குழாய்தான். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

* பாட்டிலையும் பம்பையும் தனித்தனியாகக் கவிழ்த்து, ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டால், ஒன்று காயும்போது மற்றொன்று உதவும்.

* நிரப்பிய தேதியைப் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். மீதியுள்ள கவரின் வாயை மடித்து, கிளிப் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

* ஒரு கம்பெனி சோப்போடு இன்னொன்றைக் கலக்க வேண்டாம். சில நேரம் திரிந்துபோகும். சில நேரம் தண்ணீராக நீர்த்துவிடும்.

* நிறம் மாறினாலோ, புளித்த வாடை வந்தாலோ, நூல்போல இழுபட்டாலோ கொட்டிவிட வேண்டும். தரை கழுவக்கூட வேண்டாம்.

தீரும் நேரத்தில் அடியில் ஒட்டியிருப்பதை வீணாக்க மனம் வராது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அன்றைக்கே தீர்த்துவிட்டால் தவறில்லை. ஒரு வாரம் வைத்துக்கொள்ளக் கூடாது.

5 லிட்டர் கேன் வாங்குவதாக இருந்தால், மூன்று, நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரே வீட்டில் மாதக்கணக்கில் திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது. கேனில் தயாரிப்பாளரின் முகவரி, உரிமம் எண், தயாரித்த தேதி, பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தெருவில் ஃபினாயிலோடு சேர்த்து, லேபிள் இல்லாத குடிநீர் பாட்டிலில் விற்கும் திரவ சோப்பைத் தவிர்ப்பது நல்லது. அதில் என்ன கலந்திருக்கிறது, எப்போது தயாரித்தது என்று யாருக்கும் தெரியாது.

‘‘திரவ சோப்புக்குப் பதில், கட்டி சோப்பைத் துருவி வெந்நீரில் கரைத்துப் பாட்டிலில் ஊற்றினேன். மறுநாள் கொழகொழவென்று கட்டிவிட்டது. பூந்திக்கொட்டையை வேகவைத்து ஊற்றினால் நான்கே நாளில் நாற்றம் வருகிறது. என்ன செய்யலாம்?’’

- வாசகர், ஒட்டன்சத்திரம் வட்டம்.

இரண்டுமே இயல்புதான். கட்டி சோப்பு, எண்ணெயோடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் செய்யப்படுவது. அது இறுகும் தன்மை கொண்டது. வெந்நீரில் கரைந்தாலும் ஆறியதும் கூழாகிவிடும். எண்ணெயோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் செய்யும் சோப்புதான் திரவமாக நிற்கும். இந்த இரண்டு காரங்களும் கண்ணில், தோலில் பட்டால் வெந்துவிடும். பயிற்சி இல்லாமல் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

கரைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் துருவலுக்கு மேல் போகக் கூடாது. அதிலும் பதனப்பொருள் இல்லை என்பதால், 200 மி.லி. தண்ணீருக்கு 6 கிராம் என்ற அளவில், கொதித்து ஆறிய தண்ணீரில் செய்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் இன்னொரு பிரச்னையும் உண்டு. தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து, நுரை வராமல் வெள்ளைத் திரியாக மாறிவிடும். பாதி சோப்பு இப்படியே வீணாகும். இந்த ஊர்களில், சேமித்து வைத்த மழைநீரில் கரைத்தால் பலன் தெரியும். கடையில் விற்கும் திரவ சோப்புகளில் பெரும்பாலானவை செயற்கை நுரைப்பொருளில் தயாரிப்பவை. அதனால், உப்புத் தண்ணீரிலும் நுரைக்கின்றன.

உண்மையில், கட்டி சோப்பைக் கரைப்பதற்கு அவசியமே இல்லை. 100 கிராம் கட்டி 40 ரூபாய். ஒருமுறை கழுவ அரை கிராம் கரைகிறது என்று வைத்துக்கொண்டால், 200 முறை வரும். ஒருமுறைக்கு 20 காசு. கவரில் வாங்கும் திரவ சோப்புக்கு 22 காசு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 10 ரூபாய் சிறிய கட்டிகளில் செலவு இன்னும் குறையலாம். 2025 செப்டம்பர் 22 முதல் கட்டி சோப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. திரவ சோப்புக்கு 18 சதவிகிதம்தான்.

‘பலர் தொட்ட கட்டியில் கிருமி இருக்காதா?’ என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. கட்டியின் மேல் கிருமி இருக்கலாம். ஆனால், வேண்டுமென்றே கிருமி தடவிய கட்டியால் கைகழுவச் சொல்லி, 1988-ல் வெளியான ஓர் ஆய்வில் சோதித்தபோது, கழுவியவர்களின் கைக்கு அது வந்து ஒட்டவில்லை. கட்டி தண்ணீரில் ஊறாமல் இருந்தால் போதும். அடியில் துளையுள்ள சோப்புப் பெட்டியில் வைத்தால் கரைந்து வீணாவதும் குறையும்.

கட்டி வாங்கும்போது உறையில் டி.எஃப்.எம். என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அதுதான் சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவிகிதம். இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரத்துக்கு 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 குறைந்தபட்சம் இருக்க வேண்டும். ‘பேதிங் பார்’ என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும் என்பது விதி. கைகழுவ விலை குறைந்த கட்டியே போதுமானது. தோல் வறண்டு வெடிப்பவர்கள் டி.எஃப்.எம். கூடியதை வாங்கலாம்.

தேய்ந்துபோன துண்டுகளை எறிய வேண்டாம். வெங்காயம், பூண்டு வரும் சிறிய வலைப்பையில் போட்டு, குழாயடியில் கட்டித் தொங்கவிடுங்கள். பையோடு சேர்த்துத் தேய்த்தால் நன்றாக நுரை வரும். ஊறிக் கரையாது, காக்கையும் தூக்கிப்போகாது.

பூந்திக்கொட்டைக் கரைசல் கெடுவதற்குக் காரணம், அதில் உள்ள சர்க்கரைப் பொருள்கள். நுரை கொடுக்கும் சப்போனினோடு அவையும் தண்ணீரில் இறங்குகின்றன. நுண்ணுயிர்களுக்கு அவை நல்ல தீனி. எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்தாலும் நீண்ட நாள் தாங்காது. கொட்டையின் விதையை நீக்கி, தோலை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பொடித்து, ஈரம் படாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தேவைக்கு மட்டும் அவ்வப்போது வேகவைத்து வடிகட்டிப் பயன்படுத்தலாம். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சிறு குழந்தைகள் தனியாக எடுக்கும்படி வைக்க வேண்டாம்.

‘‘மாட்டுக்கொட்டகையிலும் தோட்டத்திலும் கைகழுவ மலிவான வழி உண்டா? கிருமிநாசினி சோப்புதான் வைக்க வேண்டும் என்கிறார்களே?’’

- வாசகர், மேலூர் வட்டம்.

சாதாரண சோப்பே போதும். சோப்பின் வேலை, கிருமியைக் கொல்வதைவிட அழுக்கோடும் எண்ணெய்ப் பசையோடும் சேர்த்துக் கழுவித் தள்ளுவதுதான். பாகிஸ்தானின் கராச்சி நகரக் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. சோப்புக் கொடுத்துக் கைகழுவப் பழக்கிய வீடுகளில், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்தது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கும் பாதிக்கு மேல் குறைந்தது. சில வீடுகளுக்குச் சாதாரண சோப்பும், சில வீடுகளுக்குக் கிருமிநாசினி சோப்பும் கொடுத்திருந்தார்கள். பலனில் வித்தியாசம் இல்லை. டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களை வீட்டு உபயோக சோப்புகளில் சேர்க்க 2016-ல் அமெரிக்கா தடை விதித்தது. சாதாரண சோப்பைவிட அவை மேலானவை என்று நிரூபிக்கப்படவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கொட்டகைக்கும் தோட்டத்துக்கும் ஏற்ற மலிவான வழி, சோப்புத்தூள் கரைசல். பங்களாதேஷில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். துணி துவைக்கும் தூள் 30 கிராமை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, மூடியில் சிறு துளை போட்ட பாட்டிலில் ஊற்றிவைக்க வேண்டும். அழுத்தினால் 5 மி.லி. வந்தால் போதும், 300 முறை கைகழுவலாம். மொத்தச் செலவு மூன்று, நான்கு ரூபாய்தான். வாரம் ஒருமுறை மீதியைக் கொட்டி, பாட்டிலைக் கழுவிக் காயவைத்துப் புதிதாகக் கரையுங்கள். கையில் அரிப்பு, வெடிப்பு வருபவர்கள் கட்டி சோப்பையே பயன்படுத்தட்டும்.

பால் கறப்பவர்களுக்குக் கையின் சுத்தம் மிக முக்கியம். மேலே சொன்ன கெட்ட சூடோமோனாஸ், அசுத்தத் தண்ணீர் மூலம் காம்பில் புகுந்து மடிநோயையும் உண்டாக்கக்கூடியது. பல மருந்துகளுக்கு அது எளிதில் கட்டுப்படாது. மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி ஊற்றி வைத்த சோப்பு பாட்டில் கொட்டகையில் இருந்தால், இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். கையில் சோப்புப் போட்டு 20 விநாடிகள் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியில் துடைத்த பிறகு மடியைத் தொட வேண்டும்.

பூச்சிக்கொல்லி தெளித்த பிறகு, சாப்பிடும் முன், வெற்றிலை, பீடி தொடும் முன், சோப்புப் போட்டுக் கைகழுவியே ஆக வேண்டும். சானிடைசர் தடவினால் மருந்து போகாது. கிணற்று மேட்டிலோ, வாய்க்கால் ஓரத்திலோ கழுவ வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி இருந்த பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும், சோப்பு ஊற்றப் பயன்படுத்தக் கூடாது. அதேபோல, கூல் டிரிங்ஸ் பாட்டிலில் சோப்புக் கரைசல் வைத்தால், தாகத்தில் வரும் குழந்தை குடித்துவிடும் ஆபத்து உண்டு. லேபிளைக் கிழித்துவிட்டு, ‘சோப்பு’ என்று பெரிதாக எழுதி ஒட்டி, குழாயடியிலேயே கயிற்றில் கட்டி வையுங்கள்.